வடசென்னையிலிருந்து தலகோனா அருவிக்கு: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மணலி, எண்ணூர் என எப்பக்கம் திரும்பினாலும் தரை சமதளமாகவே கிடக்கும் வடசென்னையில் வாழ்பவர்களுக்கு, மலை என்பது செங்குன்றத்தைத் தாண்டி வடமேற்கே சில மணி நேரம் பயணம் செய்த பிறகே கண்ணில் படுவது. அத்திசையில் எழும் மலைத்தொடர்களுள் ஒன்றான சேஷாசலத்தின் காட்டுக்குள், 270 அடி, அதாவது ஏறத்தாழ 82 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது தலகோனா அருவி. ஆந்திர மாநிலத்தின் மிக உயரமான அருவி இதுவே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. திருப்பதி மாவட்டம் எர்ரவாரிபாலெம் மண்டலத்தில், திருப்பதி நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இது அமைந்துள்ளது. மாதவரத்திலிருந்து கணக்கிட்டால் மொத்தத் தொலைவு சுமார் 200 கிலோமீட்டர் ஆகும்.

குற்றாலத்துக்குப் போகும் நினைப்போடு இங்கே வருபவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். கம்பிப் பிடியைப் பற்றிக்கொண்டு வரிசையில் நின்று தலையைக் கொடுக்கும் அருவி இதுவன்று. இது ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. காடே இங்கே முதன்மை, குளியல் இரண்டாம்பட்சம். இந்த வரிசையை மனத்தில் வைத்துத் திட்டமிடுபவர்களுக்கே பயணம் சீராக அமையும் என்பதால், கீழே சொல்லப்படுபவற்றில் காட்டுக்கும் பாறைக்கும் சற்றுக் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: நாள் குறித்தல்

அருவிக்கான நாளை விடுமுறைப் பட்டியலைப் பார்த்துக் குறிக்காமல் மழையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சேஷாசலப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையில் ஒரு பங்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெரும் பங்கும் கிடைக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் நீர் மெலிந்து, பாறையில் வழியும் கோடாகக் குறைந்துவிடக்கூடும். வெயிலும் கடுமையாக இருக்கும். மழை ஓய்ந்து, மண்ணில் ஊறிய நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும் மார்கழி, தை மாதங்களே புதியவர்களுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. அப்போது நீரும் இருக்கும், பாதையும் நடக்கத்தக்கதாக இருக்கும், காலைக் குளிரும் சென்னைவாசிகளுக்கு ஒரு புதுமையாக இருக்கும்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கும் வாரத்தில் மட்டும் புறப்படவே கூடாது. சென்னையை நனைக்கும் அதே மேகக் கூட்டம்தான் இந்த மலைகளில் மோதிப் பெருமழையாகக் கொட்டுகிறது. 2021 நவம்பரில் அப்படிப் பெய்த மழையில் திருமலை மலைப்பாதையில் பாறைகள் உருண்டு விழுந்தன, திருப்பதி நகரின் தெருக்களில் வெள்ளம் ஓடியது, அண்டை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து ஊர்கள் அழிந்தன. எனவே புறப்படுவதற்கு முன்னர் அமராவதி வானிலை மையம் இம்மலைகள் உள்ள ராயலசீமா பகுதிக்கு வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சென்னைக்கான அறிவிப்பை மட்டும் நம்பினால், நகரில் வெயில் அடிக்கும் நாளில் மலையில் மழை பெய்வது தெரியாமல் போகும். கனமழைக்குப் பின் வனத்துறை அருவிப் பாதையை மூடிவிடுவதும் உண்டு. மூடியிருந்தால் காவலரிடம் வாதாடுவதில் பயனில்லை.

வார நாளில் செல்ல முடிந்தவர்கள் அப்படியே செல்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கும் இரைச்சலில் ஒரு பறவையையும் பார்க்க முடியாது.

இரண்டாம் படி: வழியும் வண்டியும்

வடசென்னைக்காரர்களுக்கு இப்பயணத்தில் ஒரு வசதி உண்டு. ஆந்திரா செல்லும் பேருந்துகளுக்காக 2018இல் திறக்கப்பட்ட மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையம் வீட்டுக்கு அருகிலேயே இருப்பதால், நகரைக் குறுக்கே கடந்து கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. அங்கிருந்து திருப்பதிப் பேருந்துகளுள் ஊத்துக்கோட்டை வழியாகச் செல்வதில் ஏறினால், நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் எனப் பாதை மெல்ல மெல்ல மலைகளுக்கு நடுவே புகுவதைப் பார்க்கலாம். ஊத்துக்கோட்டைக்கு அருகில்தான் கிருஷ்ணா நீரைச் சுமந்துவரும் கண்டலேறு–பூண்டிக் கால்வாய் தமிழக எல்லைக்குள் நுழைகிறது. நாளிதழ்களில் ஜீரோ பாயின்ட் என்று எழுதப்படும் இடம் அதுதான். 1996 முதல் அந்த வழியாக வந்து பூண்டியிலும் புழலிலும் சேரும் நீரில் ஒரு பங்கு நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது என்பதால், சன்னல் ஓரம் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலை விரும்புவோர் சென்ட்ரலில் இருந்து காலையில் புறப்படும் சப்தகிரி விரைவு வண்டியைப் பெரம்பூரிலேயே பிடித்துக்கொள்ளலாம். அரக்கோணம், திருத்தணி தாண்டியதும் நகரி மலையின் செங்குத்தான முகப்பு தெரியும். சென்னைக் கரையை நோக்கி வந்த பழைய காலத்து மாலுமிகள் கடலிலிருந்தே இந்த மலை முனையை அடையாளம் வைத்துக் கப்பலைத் திருப்பினார்கள். நகரி மூக்கு என்று பெயரே அதற்கு உண்டு. தலகோனாவுக்குப் போகும் ஒருவர் முதலில் பார்த்துப் பழக வேண்டிய பாறையும் இதுவே. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

திருப்பதியிலிருந்து தலகோனாவுக்கு அரசுப் பேருந்துகள் நாளொன்றுக்குச் சிலவே ஓடுகின்றன. பேருந்து நிலைய விசாரணை மையத்தில் போகும் நேரத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அங்கிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்து பேராகச் செல்பவர்களுக்கு வாடகைக் காரே உகந்தது. பாதை சந்திரகிரி, ரங்கம்பேட்டை, பாக்ராபேட்டை வழியாகச் செல்கிறது. பாக்ராபேட்டை மலைப்பாதையின் வளைவுகள் விபத்துக்குப் பேர்போனவை. ஜிஎன்டி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஓட்டிப் பழகிய கையாக இருந்தாலும் அங்கே இரவில் ஓட்ட வேண்டாம். ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியாத காரியமன்று, ஆனால் அருவியில் கழிக்கும் நேரத்தைவிடச் சாலையில் கழிக்கும் நேரமே மிகுதியாக இருக்கும். திருப்பதியிலோ, தலகோனாவிலேயே உள்ள சுற்றுலாத் துறை விடுதியிலோ, வனத்துறையின் சூழல் சுற்றுலாக் குடில்களிலோ ஓர் இரவு தங்குவது உடம்புக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

நேரம் இருந்தால் சந்திரகிரிக் கோட்டையில் ஒரு மணி நேரம் இறங்கலாம். விஜயநகரப் பேரரசு தலைக்கோட்டைப் போருக்குப் பின் சுருங்கியபோது அதன் பிற்கால அரசர்களின் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்த இடம் இது. 1639இல் மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், அவ்வரசர்களுள் ஒருவருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர். ஜார்ஜ் டவுனில் பிழைப்பு நடத்தும் எவருக்கும் இக்கோட்டையோடு ஒரு தொடர்பு இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ராஜ மகால் கட்டடத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் உள்ளது.

மூன்றாம் படி: காட்டு வாயிலில்

வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஆட்களுக்கும் வண்டிக்கும் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். மது, பிளாஸ்டிக் பொருள்கள், தீ மூட்டும் சாமான் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். பிரியாணிச் சட்டியை இறக்கிக் காட்டுக்குள் அடுப்பு மூட்டும் வழக்கம் சில குழுக்களிடம் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் தீ மூட்டுவது குற்றம். காய்ந்த இலைச்சருகு முழங்கால் அளவு கிடக்கும் மாதங்களில் அதன் விளைவைச் சொல்லவும் தேவையில்லை.

இந்தச் சாவடிகளில் தமிழ் பேசும் ஆண்கள் குழுவாக வந்தால் கேள்விகள் சற்றுக் கூடுதலாக எழக்கூடும். அதற்குக் காரணம் செம்மரம். உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் இம்மரத்தைக் கடத்துவோர், வெட்டுவதற்குத் தமிழகத்தின் வறண்ட மலைக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூலிக்கு அழைத்துச் சென்றார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் துறையினர் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடத்தலில் கோடிகளைப் பார்த்தவர்கள் எவரும் அந்த இருபது பேரில் இல்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. பயணிக்கு இதிலிருந்து எழும் நடைமுறைப் பாடம் இரண்டு. ஒன்று, அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது. மற்றொன்று, குறிக்கப்பட்ட பாதையை விட்டு எக்காரணத்துக்காகவும் விலகாமல் இருப்பது.

மொழி பெரிய தடையாக இராது. வடசென்னையில் தெலுங்கு பேசும் அக்கம்பக்கத்தார் இல்லாத தெருக்கள் குறைவு. காவலர் ஏனுகு என்று சொன்னால் யானை, சிருத என்று சொன்னால் சிறுத்தை என்ற அளவுக்குத் தெரிந்தாலும் போதும். இரண்டுமே இங்கே வெறும் பேச்சன்று. சித்தூர் மாவட்டத்துக்குள் 1980களில் தமிழகப் பக்கமிருந்து நுழைந்த யானைகளில் ஒரு பகுதி பின்னர் சேஷாசலக் காடுகள் வரை பரவியது. ஆகவே அதிகாலையிலும் மாலை மயங்கிய பின்னரும் தனியாக நடக்க வேண்டாம்.

நான்காம் படி: பாறையையும் மரத்தையும் பார்த்து நடத்தல்

வாயிலுக்குள் சென்றதும் சித்தேஸ்வர சுவாமி கோயில் வரும். சிவராத்திரியன்று சுற்றுவட்டாரத்து மக்கள் திரளாகக் கூடுவார்கள். அந்நாளில் அருவியை மட்டும் நினைத்து வருபவர்களுக்கு இடமே கிடைக்காது. அதன்பின் அருவி வரை நடையும் படிகளுமாகப் பாதை ஏறுகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் நின்று நின்று ஏறலாம், அவசரம் இல்லை. ரப்பர்ச் செருப்பு வேண்டாம். அடியில் பிடிப்புள்ள காலணி அவசியம்.

இங்கேதான் நகரி மலையைப் பார்த்துப் பழகியது உதவுகிறது. நகரி உட்பட இம்மலைகளின் மேற்புறம் குவார்ட்சைட் எனப்படும் மிகக் கடினமான பாறையால் ஆனது. கடப்பா படுகை என்று நிலவியலாளர்கள் அழைக்கும் ஒரு பழைய நீர்ப்பரப்பில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி உருவானது அது. சென்னைச் சமையலறை மேடைகளில் பதிக்கும் கடப்பா கல்லும் இதே படுகையில் வெட்டப்படுவதுதான், ஆனால் அது சுண்ணாம்புப் பாறை வகை. குவார்ட்சைட் அடுக்குகள் கிடைமட்டமாகவும், அவற்றைப் பிளக்கும் வெடிப்புகள் செங்குத்தாகவும் இருப்பதால், நீர் அரிக்கும் இடத்தில் பாறை சரிவாகத் தேயாமல் கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. அருவி சறுக்கி வழியாமல் நேராக விழுவதற்கும், அதைச் சுற்றியுள்ள பாறை கட்டிய சுவரைப் போல நிற்பதற்கும் இதுவே காரணம்.

பாதையோரம் பெயர்ந்து கிடக்கும் பலகைக் கற்களின் மேற்பரப்பைக் குனிந்து பாருங்கள். செம்மையும் சாம்பலும் கலந்த அக்கற்களில், விரல் அகலத்தில் இணையிணையாக ஓடும் அலைவரிகள் சில இடங்களில் தென்படலாம். ஆழமற்ற நீர் மணலின் மேல் முன்னும் பின்னும் அசைந்ததால் உண்டான வரிகள் அவை. எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வடிந்த நேரத்தில் மணல் திட்டில் இறங்கி நடந்தவர்களுக்கு அவ்வரிகளைத் தெரியும். அங்கே அடுத்த அலையில் அழிந்துபோவது, இங்கே மரமோ செடியோ நிலத்தில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்து அப்படியே கல்லாக நிற்கிறது. இப்பாறையில் எலும்பையோ சிப்பியையோ தேட வேண்டாம், அவை தோன்றியிராத காலம் அது. தங்கிச் செல்பவர்கள் திருமலை மலைப்பாதையில் நிலவியல் துறையின் அறிவிப்புப் பலகை உள்ள இடத்தையும் பார்க்கலாம். அடியில் உள்ள பழைய கருங்கல்லும் அதன்மேல் அமர்ந்த குவார்ட்சைட்டும் சந்திக்கும் கோடு அங்கே தெளிவாகத் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதால் அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

பாறையின் வெடிப்புகளே அருவியின் சேமிப்பு அறைகளும் ஆகும். மேலே உள்ள காட்டு மண் மழையை உறிஞ்சி வைத்து, வெடிப்புகள் வழியே சிறிது சிறிதாக விடுவதால்தான் மழை நின்ற பின்னரும் நீர் வந்துகொண்டிருக்கிறது. மேட்டுக்காடு மொட்டையானால், மழை நாளில் வெள்ளமும் மறுநாள் வறண்ட பாறையுமாக அருவி மாறிவிடும். தண்ணீரில் மூலிகைச் சத்து இருப்பதாக ஊரார் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எப்படியிருந்தாலும், தண்ணீர் அங்கே இருப்பதே காட்டினால்தான்.

மரங்களில் செம்மரத்தை அடையாளம் காண்பது எளிது. கருமை கலந்த பட்டை சிறு செவ்வகத் துண்டுகளாக வெடித்திருக்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலைகள். வட்டமான, ஓரத்தில் மெல்லிய சிறகு கொண்ட காய்கள். வெளிப்பட்டையைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள்; உள்ளே இருக்கும் ஆழ்ந்த சிவப்பு வைரம்தான் இத்தனை உயிர்களைக் குடித்தது. சந்தனத்தைப் போல அதற்கு மணம் கிடையாது. அது தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதன் பன்னாட்டு வணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளது. ஓடைக்கரையை நெருங்க நெருங்க மரங்கள் உயர்ந்து நிழல் அடர்கிறது. அங்கே ஆளின் இடுப்பளவு தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்திருப்பதைக் காணலாம். சிறுவர்கள் அவற்றில் ஊஞ்சலாடத் துடிப்பார்கள், விட வேண்டாம்.

தங்குபவர்களுக்கு இருட்டிய பின் கிடைக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. நீரோடையை ஒட்டிய பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி வாழ்கிறது. ஆணின் உடல் மஞ்சளாக மின்னும். 1870இல் பெடோம் என்ற ஆங்கில அதிகாரி இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர் கண்ணில் படாமலிருந்து, 1980களில் திருமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. பகலில் பல்லி தென்படாவிட்டாலும், பாறைக் கூரையின் அடிப்புறத்தில் ஒட்டிய வெள்ளை நிற முட்டைத் தடங்கள் கூட்டமாகத் தெரிந்தால் அதன் இருப்பிடம் அதுவென்று அறியலாம். கையால் சுரண்ட வேண்டாம், கைபேசி விளக்கை நேராக அடிக்கவும் வேண்டாம். பறவை பார்ப்பவர்கள் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளுக்கே உரிய மஞ்சள் தொண்டைக் கொண்டைக்குருவியைத் தேடலாம். தேவாங்கும் கடமானும் புள்ளிமானும் இங்கே உண்டு. தேவாங்கை முதல் பயணத்திலேயே பார்த்ததாகச் சொல்பவர்களைச் சற்றுச் சந்தேகிக்கலாம்.

இக்காட்டுக்குக் காவல் வந்த வரலாறு சுருக்கமாகத் தெரிந்திருந்தால் விதிகள் எரிச்சலூட்டா. வேங்கடம் தமிழகத்தின் வட எல்லையாகப் பாடப்பட்ட காலத்தில் புல்லி என்ற தலைவன் இம்மலை நாட்டை ஆண்டான். ஆங்கிலேயர் காலத்தில் ரயில்பாதைக்கும் விறகுக்கும் காடுகள் வேகமாக அழிந்தபோது, 1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனக் காப்பாளராக கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டார். 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் கீழ் காப்புக்காடுகள் எல்லை குறிக்கப்பட்டன. மக்களின் மேய்ச்சலும் விறகும் அதனால் சுருங்கியது என்பதும் உண்மை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி உள்ளிட்ட சில பகுதிகள் மட்டும் திரும்ப வந்தன. 1989இல் 353 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேசியப் பூங்கா அமைந்தது. 2010இல் கடப்பா, சித்தூர் மாவட்டங்களில் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்பு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஐந்தாம் படி: நீரருகே

வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும், அனுமதிக்கும் நாளில் மட்டும் நீரில் இறங்குங்கள். மெரினாவிலும் காசிமேட்டிலும் அலையில் நீந்திப் பழகியவர்களே இங்கே துணிந்து இறங்கி ஆபத்தில் சிக்குகிறார்கள். உப்பு நீரைவிட நன்னீரில் உடல் எளிதாக அமிழும்; குளிர்ச்சியில் தசை பிடித்துக்கொள்ளும்; அடியில் கிடக்கும் பாறைகளுக்கு இடையே கால் சிக்கும். விழும் நீருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். பாறை கட்டிகட்டியாகப் பெயரும் இயல்புடையது என்று மேலே சொன்னது இங்கே பொருந்தும். உள்ளங்கை அளவுக் கல்கூட அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தலை தாங்காது. படம் எடுப்பதற்காக ஈரப் பாறையில் ஏறுவதையும் அருவியின் மேல் விளிம்புக்குச் செல்வதையும் அறவே தவிர்க்கவும்.

நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, அந்தக் கணமே பொருள்களை எடுக்க நில்லாமல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது ஒரு பொருட்டன்று. குழந்தைகளோடு செல்பவர்கள் எந்தப் பக்கம் ஏறுவது என்பதை நீரில் இறங்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியல் எதுவும் கூடாது. உணவுப் பொட்டலத்தைக் குரங்குகளின் கண்ணெதிரே பிரிக்காதீர்கள். இரக்கப்பட்டு ஒன்றுக்குக் கொடுத்தால் பை மொத்தமும் போகும்.

ஆறாம் படி: திரும்புதல்

பிற்பகல் மூன்று மணிக்குள் அருவியை விட்டு இறங்கத் தொடங்கினால், பாக்ராபேட்டை மலைப்பாதையை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். திருப்பதியிலிருந்து இரவுப் பேருந்தில் வருபவர்கள், மாதவரத்தில் இறங்கிய பின் எண்ணூருக்கோ மணலிக்கோ எர்ணாவூருக்கோ செல்ல அந்நேரத்தில் மாநகரப் பேருந்து கிடைப்பது அரிது என்பதை நினைவில் கொண்டு, ஆட்டோவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். காட்டை விட்டு வெளியேறும் முன் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள். குழந்தைகள் ஆசையாகப் பொறுக்கிய செம்மரக் காய், வரி விழுந்த கல், இறகு எதுவானாலும் தேசியப் பூங்காவிலிருந்து எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். சாவடியில் அதைக் காவலர் கண்டுபிடித்து விளக்கம் கேட்பதைவிட, பாதையோரம் நீங்களே வைத்துவிட்டு வண்டி ஏறுவது எளிது.